எட்டுப் படி பால், முப்பத்திரண்டு எலுமிச்சம்பழம்

அத்தியாயம் பதினொன்று

முத்து பீவியை முடுக்கில் நிறுத்திவிட்டுப் போன வாரம் நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், அவள் அதற்குப் பிறகு உட்காரவே இல்லை. இரவு படுத்தாள்தான். அதைத் தூக்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே பெண்கள் மட்டும் போய்வருகிற அந்தச் சந்தில் வைத்து, பக்கத்து வீட்டு ரஹ்மத்துன்னிஸா சொன்னது நாலே வார்த்தை. கொழும்பில் கொம்பனித் தெருவில் ஒரு வீடு இருக்கிறது. விடியுமுன் அந்த வீட்டிலிருந்து ஜக்கரிய்யா வெளியே போவதை அவள் புருஷன் கண்ணால் கண்டிருக்கிறார். கொல்லைக் கொடியில் வெள்ளை வெளேரென்று துணி காய்கிறது. "பொம்பள கை படாம அம்புட்டு வெள்ளையாத் தொவைக்க ஏலுமா, நீயே சொல்லு," என்று கேட்டுவிட்டு ரஹ்மத்துன்னிஸா அரிசி புடைக்கப் போய்விட்டாள். அவளுக்கு என்ன, சொல்லியாயிற்று.

ஜக்கரிய்யா முத்து பீவியின் புருஷன். கொழும்பில் பீங்கான் கடை வைத்திருப்பவன். யுத்தம், கப்பல் இல்லை, பாஸ் இல்லை என்று நாலு வருஷம் ஊர்ப் பக்கம் தலை காட்டாதவன், முந்தாநாள்தான் தூத்துக்குடியில் வந்து இறங்கினான். திங்கட்கிழமைக் கப்பலில் திரும்பப் போகிறான். இன்றைக்கு வியாழன்.

கேட்டுவிட வேண்டியதுதானே என்று நீங்கள் சொல்வீர்கள். சுலபமாகச் சொல்லிவிடலாம். நேற்று இரவு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் அவன் மெலிந்த முகத்தைப் பார்த்தாள். வந்த கேள்வியை அப்படியே மென்று முழுங்கிவிட்டாள். கேட்டு அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? காயல்பட்டினத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான், போவான். போனவன் வராமலே இருந்துவிட்டால் தேடிக்கொண்டு போக அவளுக்கு ஒரு வாசல் கிடையாது.

உம்மாவும் நேற்று ஒன்றைப் போகிற போக்கில் சொல்லி வைத்தாள். "எப்பவும் வந்தா ஒரு பெட்டி பீங்கான் கொண்டாருவாரு. இந்தத் தடவ ஒரு கோப்பை கூட இல்லியே." உம்மா வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். முத்து பீவி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். இங்கே வரவேண்டிய பீங்கான் எந்த வீட்டு அலமாரியில் அடுக்கியிருக்கிறதோ.

காலையில் பசியாறிய கையோடு ஜக்கரிய்யா கடற்கரைக்குப் போய் ஒரு சீலா மீனோடு வந்தான். தோளில் போட்டால் வால் இடுப்பைத் தொடும். மத்தியானம் வாப்பாவின் சிநேகிதர் ஹாமிது ஹாஜியார் தன் இரண்டு மகன்களோடு சாப்பிட வருகிறார். அவரும் கொழும்பில் வியாபாரம் செய்கிறவர், போன வாரம் ஊர் வந்தவர்.

மீனை உள்ளே கொடுத்துவிட்டு அவன் போகவில்லை. அடுப்படி நிலைக்கு வெளியே, திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்றான். ஆண்கள் நிற்கிற எல்லை அதுதான். அதைத் தாண்டி இந்த வீட்டு அடுப்படிக்குள் வாப்பாவே வந்ததில்லை.

"முத்து, மீனைப் பொரிச்சிராத. கொழம்பா ஆணம் வைக்கவும் வேண்டாம். உப்புத் தண்ணியில அவிச்சு எடுத்தாப் போதும். மேல ஊத்துததுக்கு ஒரு சாறு இருக்கு. சொல்லுதேன், கேட்டுக்கோ."

"சொதியா?"

"சொதி இல்ல. சொதி ஓடும். இது கரண்டி முதுகுல ஒட்டி நிக்கணும். வெள்ளைக்காரன் மீனுக்கு ஊத்துத சாறு."

உள்ளே தங்கச்சி ஆயிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதினேழு வயசு, எதற்கும் சிரிக்கிற வயசு.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஜக்கரிய்யா ஒப்பித்தான். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லுகிற வேகம். "வெண்ணெய் ரெண்டு ராத்தல். அமெரிக்கன் மாவு ரெண்டு ராத்தல். பால் எட்டுப் படி. பாலாடை ரெண்டு படி. எலுமிச்சம்பழம் முப்பத்திரண்டு. மல்லியும் புதினாவும் ரெண்டு கூடை, நரம்பு இல்லாமக் கிள்ளிப் பொடிப்பொடியா அரியணும். பழத்தோட தோலைச் சுரண்டிக்கோ, வெள்ளை படாம மஞ்சளை மட்டும். வெள்ளை பட்டா கசக்கும்."

"லாத்தா," என்று ஆயிஷா காதைக் கடித்தாள், "எட்டுப் படி பாலுக்கு ஊரு மாட்டையெல்லாம் நம்ம கொல்லையில கொண்டாந்து கட்டணும் போல."

அந்தப் பக்கம் பேச்சு சட்டென்று நின்றது. "பார்த்துக் கொறைச்சுப் போட்டுக்கோ," என்றான். குரல் இறங்கிவிட்டது. "நான் என்னத்தக் கண்டேன். ஒண்ணு மட்டும் மறக்காத. பழத்தை அடுப்பில வச்சுப் பிழியாத. இறக்கி, கை பொறுக்கிற சூட்டில, துளித்துளியா."

செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போயிற்று.

"ஆம்பளைக்கு அளவு எங்க தெரியும்," என்றாள் உம்மா. "நீ பேசாம ஆணம் வையி. பாலில புளிப்பு விட்டா திரியாம என்ன செய்யும்? ஹாஜியாரு முன்னால மானம் போயிரும்."

முத்து பீவி கேட்கவில்லை. அவள் மனசு வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை படாமல் மஞ்சளை மட்டும். நரம்பு இல்லாமல் கிள்ளி. தண்ணீர்ச் செம்பைக்கூடத் தானாக எடுத்துக் குடித்தறியாத மனுஷனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது? பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். ஒருத்தி கிள்ளியிருக்கிறாள், ஒருத்தி சுரண்டியிருக்கிறாள், இவன் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அந்த ஒருத்திக்கு முகம் இல்லை. கையில் மட்டும் வளையல் இருந்தது.

"அவுக கேட்டதத்தான் காய்ச்சுவேன்," என்றாள். அவள் கை ஆத்திரத்தில்தான் வெண்ணெயை எடுத்தது. பிரியத்தில் என்று நினைத்துவிடாதீர்கள்.

சாப்பிட எட்டுப் பேர். வாப்பா, மாப்பிள்ளை, ஹாஜியார், அவர் மகன்கள் இரண்டு பேர், வீட்டுப் பெண்கள் மூன்று பேர். தம்பி சாலிஹ் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் ரைட்டர். அவன் வியாழக்கிழமை வீட்டுக்கு வரமாட்டான். எட்டுப் பேருக்கு அரைப்படிப் பால் போதும். எட்டுப் படிக்கு அரைப்படி என்றால் பதினாறில் ஒன்று, வீசம் பங்கு. சரி, எல்லாவற்றிலும் வீசம் எடுத்துத்தான் பார்ப்போமே. வெண்ணெய் அரைக்கால் ராத்தல், மாவு அரைக்கால் ராத்தல், பாலாடை ஒரு ஆழாக்கு, பழம் இரண்டு.

முத்துக் குளிக்கிற சலாபத்தில் தரகு பார்த்தவரின் மகள் அவள். வாப்பா நிறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கண். அளவு பிசகாது.

வெண்ணெய் உருகி மாவு அதில் வாசம் வருகிற வரைக்கும் வறுபட்டது. பாலைச் சிறுகச் சிறுக ஊற்றி ஈர்க்குக் கட்டால் அடித்தாள். முதலில் கட்டி கட்டியாக மிரட்டியது. பிறகு ஒரு கட்டத்தில் எல்லாம் ஒன்று சேர்ந்து வழுவழுவென்று இழைந்துகொண்டது. பாலாடையை விட்டாள். கரண்டியைத் தூக்கினாள். முதுகில் ஒட்டி நின்றது. விரலால் ஒரு கோடு போட்டால் கோடு மூடவில்லை.

முத்து பீவி கரண்டியையே பார்த்தாள். அளவு தெரியாத ஆம்பளை சொன்ன அளவு. ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதில் ஏதோ ஒன்று அவளுக்கு இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை.

"ஏளா, ரஹ்மத்துன்னிஸா என்னமோ சொன்னாளாமே," என்று உம்மா மெல்ல ஆரம்பித்தாள்.

ஆக, உம்மா காதுக்கும் வந்துவிட்டது. ராத்திரிக்குள் வாப்பா காதுக்கு வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகிற கூட்டத்தின் காதுக்கு வரும்.  உம்மாவுக்குப் பதில் சொல்லாமல் இருக்க, கைக்கு ஒரு வேலை வேண்டும். வெட்டி வைத்த இரண்டு பழத்தையும் எடுத்து, சட்டி அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஒரே பிழியாகப் பிழிந்தாள்.

பிழிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சாறு ஒரு தரம் சிலிர்த்தது. ஓரத்தில் தண்ணீர் விட்டது. நடுவில் மணல் மணலாகத் தயிர்க்கட்டி மிதந்தது.

"திரிஞ்சு போச்சு. போச்சு, எல்லாம் போச்சு," என்று உம்மா மார்பில் கை வைத்தாள். "ஹாஜியாரு வாசலுக்கு வந்துட்டாருன்னு நினைக்கேன். நான் முட்டிக்கிட்டேன், கேட்டியா?"

முத்து பீவிக்குக் கண் நிறைந்துவிட்டது. பாலுக்காக இல்லை. அந்த ஒருத்தி இதைத் திரிய விட்டிருக்க மாட்டாள் என்று தோன்றிய அந்த நினைப்புக்காக.

திரைச்சீலை விலகியது.

ஆயிஷா அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் ஓடினாள். உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டினாள். நாற்பது வருஷத்தில் நடக்காதது நடந்துவிட்டது. மாப்பிள்ளை அடுப்படிக்குள் வந்துவிட்டார்.

ஜக்கரிய்யா யாரையும் பார்க்கவில்லை. சட்டியை மட்டும் பார்த்தான். கொடியில் கிடந்த துண்டை உருவி இடுப்பில் சுற்றி, ஒரு முனையைச் செருகிக்கொண்டான். இன்னொரு துணியை நாலாக மடித்துச் சட்டிக் காதைப் பிடித்துத் தூக்கி இறக்கினான். "சின்னச் சட்டி. வெண்ணெய். மாவு ஒரு கரண்டி. பச்சைப் பால்," என்றான். கேட்கிற குரல் இல்லை, ஏவுகிற குரல். முத்து பீவி தன்னை அறியாமல் எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

சின்னச் சட்டியில் புதிதாக ஒரு பசை கிண்டினான். பச்சைப் பாலை விட்டு இளக்கினான். பிறகு திரிந்து போன சாற்றை ஒரு கரண்டி விட்டு அடித்தான். அது உள்ளே போய் மறைந்தது. இன்னொரு கரண்டி. இன்னொன்று. ஈர்க்குக் கட்டு அவன் கையில் சட்டியின் அடியை உரசாமல் சுற்றியது. சட்டிக்கு வெளியே ஒரு சொட்டு சிந்தவில்லை. கடைசிக் கரண்டி போனபோது சாறு மறுபடியும் பளபளவென்று நின்றது. தழையைத் தூவினான், மஞ்சள் தோலைத் தூவினான், ஒரு கலக்கு. துணியால் சட்டியின் விளிம்பைச் சுற்றித் துடைத்தான்.

இடது புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தான். "உப்பு ஒரு சிட்டிகை," என்று போட்டான்.

அந்தப் புறங்கையை அப்போதுதான் முத்து பீவி பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேலே பழைய தீக்காயம், அதன் மேலே புதுசாக ஒன்று, பாத்திர விளிம்பு பட்ட கோடு கோடாக.

அவன் நிமிர்ந்தான். எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. முகம் வெளுத்துவிட்டது. துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

"இதென்னடி, பண்டாரி கையால்லா இருக்கு," என்றாள் உம்மா, மூச்சை விட்டபடி.

உம்மா விளையாட்டாகச் சொன்னது. ஊரில் கல்யாணக் களரிக்குச் சமைக்கிற பண்டாரிதான் இப்படித் துண்டைச் செருகுவான், இப்படிப் புறங்கையில் உப்புப் பார்ப்பான். முத்து பீவி கையிலிருந்த கரண்டியை வைத்தாள். இடித்துக்கொண்டிருந்தது பிடிபட்டுவிட்டது.

புருஷனுக்கு ஆக்கிப் போடுகிற பொம்பளை எட்டுப் படிப் பால் சொல்ல மாட்டாள். எந்த வீட்டிலும் முப்பத்திரண்டு எலுமிச்சம்பழம் பிழிவதில்லை. எட்டுப் பேருக்கு வீசம் பங்கு. அப்படியானால் முழுப் பங்கு எத்தனை பேருக்கு? கொடியில் காய்ந்த வெள்ளைத் துணி. விடியுமுன் வீட்டை விட்டுப் போகிற ஆள். ஒரு கோப்பை கூடக் கொண்டுவராத பீங்கான் கடை முதலாளி.

யா அல்லாஹ், என்று அவள் நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. 

ஆனால் நிம்மதிப்பட அன்றைக்கு யாருக்கும் நேரம் கொடுக்கப்படவில்லை. ஹாஜியார் நிஜமாகவே வாசலுக்கு வந்துவிட்டார்.

வெளிக் கூடத்தில் விரிப்பு விரித்து ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நின்று முத்து பீவி கிண்ணம் கிண்ணமாக நீட்ட, வாப்பா எழுந்து வந்து வாங்கிக்கொண்டு போனார். அவித்த சீலாத் துண்டங்கள், மேலே அந்த வெள்ளைச் சாறு, பச்சைப் பொட்டுப் பொட்டாகத் தழை. திரையின் ஓரத்தில் ஒரு விரற்கடை இடுக்கு இருந்தது. அவள் கண் அதில் இருந்தது.

ஹாமிது ஹாஜியார் ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்தார்.

"இதை நான் சாப்பிட்டிருக்கேன்," என்றார்.

ஜக்கரிய்யாவின் கை தட்டோடு நின்றது.

"கொழும்புல, கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரன் ஹோட்டல். ஒரு துரை கூட்டிட்டுப் போனாரு, போன ரமலான் முடிஞ்சு. மீனு மேல இதே சாறு. இதே மணம். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்ல." மனுஷர் மெச்சித்தான் சொன்னார், கெட்ட எண்ணம் இல்லாதவர். பிரச்சினையே அதுதான், கெட்ட எண்ணம் இல்லாதவர்கள் நிறுத்த மாட்டார்கள். "அதச் சொல்லும்போதுதான் ஞாபகம் வருது மாப்ள. ஒங்க பீங்கான் கடை இப்ப எந்தத் தெருவுல? பழைய இடத்துல தேடினேன். அங்க இப்ப அரிசி டிப்போல்லா இருக்கு."

வாப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். "கடையை மாத்தியாச்சா? எழுதவே இல்லியே மாப்ள. சாலிஹ வேற ஒங்க கூட அனுப்பணும்னு இருக்கேன், நீங்களும் பாக்கலாம்னியளே."

ஜக்கரிய்யா முள் இல்லாத மீன் துண்டில் முள் தேடினான்.  ஹாஜியாரின் மூத்த மகன் தலையை நிமிர்த்தினான். இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த முத்து பீவிக்குப் புருஷன் நெற்றியில் வியர்வை அரும்புவது தெரிந்தது. நாலு வருஷம் முதலாளியாகக் கடிதம் எழுதிய மனுஷன். இந்தப் பந்தியில், இந்த நாலு பேர் முன்னால், சோற்றுக் கையோடு அவிழ்ந்து நிற்கப் போகிறான்.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள்.

"வாப்பா," என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. மெதுவாக இல்லை, கூடம் முழுக்கக் கேட்கும்படி. "சாறு நான் காய்ச்சினது. ஆறினா நல்லாருக்காது. ஹாஜியார் மாமாவ பேச்ச விட்டுட்டு முதல்ல சாப்பிடச் சொல்லுங்க."



அந்த வீட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து அந்நிய ஆண்கள் முன்னிலையில் ஒரு பெண் குரல் வந்தது அன்றுதான். உம்மா தலையில் அடித்துக்கொண்டாள், சத்தம் வராமல். ஹாமிது ஹாஜியார் மரியாதை தெரிந்தவர். வீட்டுப் பெண்ணின் குரல் காதில் விழுந்ததுமே தலையைத் தட்டுக்கு மேல் கவிழ்த்துக்கொண்டார். மகன்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்துக் கவிழ்த்துக்கொண்டார்கள். பிறகு கை கழுவுகிற வரைக்கும் கடையைப் பற்றி மட்டுமல்ல, எதைப் பற்றியும் யாரும் பேசவில்லை. துஆ ஓதினார்கள், எழுந்தார்கள், விடைபெற்றார்கள்.

வாப்பா அவர்களைத் தெருமுனை வரை கொண்டுவிடப் போனார். திரும்பி வந்து மகளைக் கேட்பார். அதற்குள் சிறிது நேரம் இருந்தது.

முத்து பீவி தன் அறைக்குள் வந்தாள். ஜக்கரிய்யா ஜன்னலோரம் நின்றிருந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு.

ரஹ்மத்துன்னிஸா சொன்னதை அவள் கேட்கவில்லை. கொம்பனித் தெருவைக் கேட்கவில்லை.

"எட்டுப் படிப் பால் எத்தனை பேருக்கு மச்சான்?" என்று கேட்டாள்.

 காக்கை ஒன்று ஜன்னல் மேல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிற்று.

"நூத்தி இருபது," என்றான். "ஞாயித்துக்கிழமைன்னா நூத்தி அம்பது."

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டு நாளில் அவள் உட்கார்ந்தது அப்போதுதான்.

"ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்னைக்குக் கடைக் கூரை எறங்கிப்போச்சு முத்து. ஒரு கோப்பை மிஞ்சல. எல்லாம் தூள். அந்த ஹோட்டலுக்கு நான்தான் பீங்கான் கொடுத்துட்டிருந்தேன். போய் நின்னேன், வேற எங்க போவ? பீங்கான் வித்த கையால பீங்கான் கழுவுனேன், ஒரு வருஷம். பொறவு வெங்காயம். பொறவு அடுப்பு. இப்ப சாறெல்லாம் என் பொறுப்பு." கடைசி வார்த்தையில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்துவிட்டு உடனே ஒளிந்துகொண்டது. "எழுதணும்னுதான் ஒவ்வொரு கடுதாசியும் ஆரம்பிச்சேன். கொழும்பு முதலாளி மாப்பிள்ளைன்னு ஒங்க வாப்பா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காரு. பண்டாரி மாப்பிள்ளைன்னு எப்படி எழுத?"

"கொம்பனித் தெரு வீட்டில?"

அவன் திரும்பினான். அவளுக்கு எதுவரை தெரியும் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. "அங்க பதினேழு பேரு இருக்கோம். எல்லாம் அடுப்படி ஆளுக. வெள்ளை உடுப்பு அழுக்கா இருந்தா துரை திருப்பி அனுப்பிருவான். அதனால நாங்களே கஞ்சி போட்டுத் தொவைப்போம்." நிறுத்தினான். "நீ என்ன நினைச்ச?"

"நான் நினைச்சத நீங்க கேக்காண்டாம்," என்றாள் முத்து பீவி. அழுதுகொண்டே சிரித்தாள். அவனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காயத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். "இன்னிக்கு எதுக்கு இதைக் காய்ச்சச் சொன்னிய?"

"ஒனக்கு ஒரு வாய் கொடுக்கணும்னு இருந்துச்சு. இத்தனை நாளா யாராருக்கோ ஊத்துதேன். ஒனக்கு ஒரு நாள் ஊத்தல."

கோபம், சந்தேகம், ரஹ்மத்துன்னிஸா, எல்லாம் அந்த ஒரு பேச்சில் போயே போய்விட்டது. நாலு வருஷத்து ஏக்கம் மட்டும் மிச்சம் நின்றது. "வாப்பாகிட்ட நாம ரெண்டு பேருமா சொல்லுவோம்," என்றாள். "அவரு கொஞ்ச நாளு பேசமாட்டாரு. பேசாட்டாப் போறாரு."

"சொல்லுவோம்," என்றான் ஜக்கரிய்யா. "நாளைக்கு."

நாளைக்கு என்பது எப்போதும் சுலபமான நாள்.

வாசலில் செருப்பை உதறுகிற சத்தம் கேட்டது. வாப்பா திரும்பிவிட்டார் என்று இருவரும் எழுந்து கூடத்துக்கு வந்தார்கள். ஆனால் மூன்று படியை ஒரே தாவாகத் தாவுகிற கால் வாப்பாவுடையது இல்லை.

"லாத்தா, பசிக்கி," என்று குரல் முதலில் வந்தது. பின்னால் சாலிஹ் வந்தான். தூத்துக்குடி பஸ்ஸின் புழுதி தலைமுடி வரைக்கும் அப்பியிருந்தது. கையில் ஆபீஸ் பையோடு, சுருட்டிய படுக்கையும் இருந்தது.

முத்து பீவி படுக்கையைப் பார்த்தாள். "வியாழக்கிழமை எங்கலே வந்த? லீவா?"

"லீவு என்ன லீவு." சாலிஹ் படுக்கையைக் கூடத்து மூலையில் விட்டெறிந்தான். முகமெல்லாம் சந்தோஷம், அப்படி ஒரு சந்தோஷத்தை அவனிடம் அவள் பார்த்து வருஷங்கள் ஆகின்றன. "காலையில ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டேன். ஏழு வருஷம் அந்த ஆபீஸ்ல மத்தவன் கப்பல எழுதி எழுதிக் கை தேஞ்சுது. மேனேஜர் கோவத்துல என் மேசையில உடனே வேற ஆள உக்கார வச்சுட்டான். வச்சா வச்சுக்கட்டும். இனி அந்தப் படி ஏற வேண்டியதில்ல." ஜக்கரிய்யாவிடம் திரும்பினான். "வாப்பா நேத்து ஆள் விட்டுச் சொன்னாங்க, நீங்க பாக்கலாம்னு சொன்னியளாம். அது போதும்னு திங்கக்கிழமைக் கப்பலுக்கு எனக்கும் டிக்கெட் எடுத்துட்டேன் மச்சான்."

ஜக்கரிய்யாவின் கை இடுப்புப் பக்கம் போயிற்று, இல்லாத துண்டைத் தேடுவது போல.

"நம்ம கடையில எனக்கு என்ன வேலை மச்சான்?" என்று கேட்டான் சாலிஹ்.

முத்து பீவி புருஷனைப் பார்த்தாள். அவன் பார்வை தரையில் இருந்தது. நாளைக்கு என்று சொன்ன நாள் இன்றைக்கே வந்து நின்றுவிட்டது, படுக்கையும் கையுமாக.

அவள் அடுப்படிக்குப் போனாள். மூடி வைத்திருந்த கடைசிக் கிண்ணத்தை, அவன் அவளுக்கென்று காய்ச்சச் சொன்ன, அவள் இன்னும் வாயில் வைக்காத அந்தக் கிண்ணத்தைக் கொண்டுவந்து தம்பி முன்னால் வைத்தாள்.

"முதல்ல இதைச் சாப்பிடுலே," என்றாள். "அது என்ன வேலைன்னு அவுகளே சொல்லுவாக."